அட்டை மாமியார் வீட்டு பீரோவில், பெண் தாய் வீட்டில்

செவ்வாய்க்கிழமை காலையில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கான நாள் அது. வராந்தா முழுக்கத் தலைப்பிரசவப் பெண்கள், துணைக்கு அம்மாவோ மாமியாரோ. கிராம சுகாதார செவிலியராக அந்த வரிசையை வருடக்கணக்காகப் பார்த்துவிட்டேன். அக்கா செய்த தவறைத் தங்கை அப்படியே செய்கிறாள். அக்காவிடம் சொன்னதைத்தான் தங்கையிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பப்பாளி, குங்குமப்பூ, தண்ணீர்க் குடம் தூக்குவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

மூன்று மாதம் முடியட்டும் என்று இருப்பது

கண்பட்டுவிடும் என்று மூன்று மாதம் வரை வெளியே சொல்லாமல் இருப்பது பல வீடுகளில் வழக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளம் முதல் சில வாரங்களிலேயே போடப்பட்டுவிடுகிறது. ஃபோலிக் அமில மாத்திரை வேலை செய்ய வேண்டிய நேரம் அதுதான். பிரசவத் தேதியைக் கணிக்கவும் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் நம்பகமானது. எட்டாம் மாதம் முதல்முறையாக ஸ்கேன் எடுத்துக் கேட்டால், தேதி இரண்டு மூன்று வாரம் முன்பின் போகும். அப்புறம் கடைசியில் குழந்தைக்கு நாள் தாண்டிவிட்டதா, இன்னும் நாள் இருக்கிறதா என்று டாக்டரே திணற வேண்டியிருக்கும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டத்துக்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்வது முக்கியம். தகுதியுள்ள பெண்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக.

குளுக்கோஸ் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவது

75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று எடுத்துக்கொள்வோம். சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னின்று கொண்டுவந்த முறை இது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூரத்து ஊர்களிலிருந்து வரும் பெண்களை நினைத்துச் செய்த ஏற்பாடு. அதற்கும் பொறுமை இல்லாமல் பாதியில் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து கை நீட்டுகிறவர்களும் உண்டு. குடித்ததை வாந்தி எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். முதல் சோதனையில் நார்மல் என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்தாக வேண்டும். பலருக்கு அப்போதுதான் சர்க்கரை ஏறத் தொடங்கும்.

அட்டை இல்லாமல் தாய் வீட்டுக்குப் போவது

இதை மட்டும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமை தாங்காது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் பக்கத்துப் பழக்கம். நல்ல பழக்கம்தான். கடைசி மாதங்களில் பெண்ணுக்கு அம்மாவின் பக்கத்தில் கிடைக்கும் ஓய்வு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் கிளம்பும்போது பட்டுப்புடவை போகிறது, ஐந்து வகைச் சாதம் போகிறது, வளையல் போகிறது. தாய் சேய் நல அட்டை போவதில்லை.

எங்கள் பகுதியில் ஒரு பெண். ஏழாம் மாதப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 130/84. பயப்படும் அளவில்லை. ஆனால் அதுவரை அவளுக்கு 110-ஐத் தாண்டியதே கிடையாது. அதனால் அட்டையில் சிவப்பு மையில் எழுதினேன்: வாரம் ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். அந்த வாரமே வளைகாப்பு. அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக பீரோவில் வைத்தார் மாமியார். பெண் இரண்டு மாவட்டம் தாண்டி அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே கேட்டவர்களிடம் “எல்லாம் நார்மல்னு சொன்னாங்க” என்றாள். ஒன்பதாம் மாதம் காட்டிக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். முகம் வீங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு வீக்கம் சகஜம் என்றார்கள். தலைவலி வந்தது. தைலம் தேய்த்தார்கள். ஒரு நாள் ராத்திரி கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். அழுத்தம் 170/110. அங்கே ராத்திரியில் அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை. 108-இல் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில், குறைமாதக் குழந்தை பச்சிளங்குழந்தைகள் பிரிவில், வெளியே இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டு. நான் எழுதிய அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் அங்கிருந்த எந்த நர்ஸும் அவளை ஒரு வாரம்கூட விட்டுவைத்திருக்க மாட்டார். அந்த வரி பீரோவில் இருந்தது.

ரத்த அழுத்தம் மட்டுமல்ல. நெகட்டிவ் ரத்த வகைப் பெண்ணுக்கு 28-ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு கிளம்பாமல் தடுக்கும் ஊசி அது. பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. முதல் ஊசி போட்டாயிற்றா என்பது அட்டையில்தான் இருக்கும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே எப்போது போனது, அதற்கு என்ன கொடுத்தார்கள், நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்களா, எல்லாமே அப்படித்தான்.

வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே சிலவற்றை முடித்துவிடுங்கள். அட்டையும் ரிப்போர்ட்டுகளும் பெண்ணின் கைப்பையில் இருக்க வேண்டும், தாம்பூலப் பையில் அல்ல. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அம்மா போனிலும் கணவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் 12 இலக்க பிக்மி எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அதைக் கேட்பார்கள். இந்த ஊர் நர்ஸிடம் போகிற ஊரைச் சொல்லுங்கள். நாங்கள் அந்த ஊர் நர்ஸிடம் பேசிவிடுவோம்.

தாய் வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே, உடம்பு நன்றாக இருந்தாலும், பிரசவம் பார்க்கப் போகும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 28 வாரத்துக்கு மேல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 36-க்கு மேல் வாரம் ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. போன இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: ராத்திரியில் டாக்டர் இருப்பாரா? மயக்க மருந்து கொடுப்பவர் எத்தனை நேரத்தில் வருவார்? ரத்தம் எங்கிருந்து வரும்? உங்களால் முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தால், முதலிலேயே சீமாங்க் மையம் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) உள்ள அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அங்கே 24 மணி நேரமும் அறுவை சிகிச்சை வசதி உண்டு.

சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்குவது

இரும்புச்சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையோடும் வேண்டாம். ஒன்று காலையில், ஒன்று ராத்திரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜாதகம் பார்த்து சிசேரியனுக்கு நேரம் கேட்பது

39 வாரம் முடியும் முன்னால் கேட்காதீர்கள்.

ஆணா பெண்ணா என்று கேட்பது

சட்டப்படி குற்றம்.

அசைவு குறைந்தால் ‘பிரசவம் நெருங்குகிறது’ என்று நினைப்பது

கடைசி மாதத்தில் பிள்ளை அசையாது என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி ஒரு ராத்திரி பொறுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இடம் குறைவதால் அசைவின் விதம் மாறலாம். ஆனால் வழக்கமாக இருந்த அசைவு குறையக் கூடாது. ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்துக் கவனியுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் மணி என்ன என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

சூட்டு வலியா என்று கஷாயம் வைத்துப் பார்ப்பது

சீரகத் தண்ணீர் குடித்து வலி நிற்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை, 37 வாரம் முடிந்திருந்தால், வலி மட்டும்தான் என்றால். ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி விட்டுவிட்டு வந்தாலோ கஷாயத்துக்கு அங்கே வேலை இல்லை. 108-ஐக் கூப்பிடும்போது தெருப் பெயரைவிட அடையாளம் சொல்வது பயன்படும்: ரேஷன் கடை, மாரியம்மன் கோயில், தண்ணீர் தொட்டி. எட்டாம் மாதத்திலேயே அந்த வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் போனை எடுப்பது பன்னிரண்டு வயதுத் தம்பியாகக்கூட இருக்கலாம்.