வார்டில் நோயாளி கடித்துவிட்டால்

பெங்களூரில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் நர்ஸாக நைட் டியூட்டி பார்த்தபோது, சாராயத்தை நிறுத்தி மூன்றாம் நாள் ஆன ஒருவர் கை நடுங்க இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டே இருந்தார், டிரிப் சரிசெய்யப் போன என் முன்கையைக் கவ்விவிட்டார். வெடுக்கென இழுத்தேன், அதுதான் தப்பு. இழுத்தால் சதை கிழியும், கையை வாய்ப்பக்கமே அழுத்தினால் பிடி தளரும்.

அப்புறம் முதலில் குழாயடிக்கு ஓடுங்கள். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், மஞ்சள் பூசாதீர்கள். ரத்தம் பட்டிருந்தால் உடனே டாக்டரிடம் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, எச்ஐவி மூன்றுக்கும் தடுப்பு தேவையா என்று கேளுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டவே கூடாது.

காயத்தை போட்டோ எடுத்து, நேரம் குறித்து, அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். "சின்னக் கடிதானே சிஸ்டர், விடுங்க" என்பார்கள். விடாதீர்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காயத்துக்கும் உரிமை உண்டு, லீவு நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும், ஆனால் விபத்து அறிக்கை போகவேண்டும்.

போலீஸ்? குழம்பிய நிலையில் கடித்தவர்மேல் நான் போகவில்லை. தெளிவாக இருந்து அடிக்கிறவர், கூட வந்த உறவினர் என்றால் மருத்துவ ஊழியர்களைத் தாக்குவதைத் தடுக்க கர்நாடகாவில் 2009-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.