பாஸ்க் ஆட்டிடையர் ரொட்டி: மாவு பொங்குவதற்குள் ஓர் ஆட்டமும் பழகலாம்

ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில், பிரனீஸ் மலையோரத்து பாஸ்க் நாட்டிலிருந்து அமெரிக்கா போன இளைஞர்கள் பலர் இடாஹோ, நெவாடா பக்கம் ஆடு மேய்த்தார்கள். மாதக்கணக்கில் கிடையிலேயே வாசம். மூடி போட்ட கனத்த இரும்புச் சட்டிதான் அடுப்படி. குழி தோண்டி, தணல் பரப்பி, சட்டியை இறக்கி மண்ணால் மூடினால் ரொட்டி வெந்துவிடும். பேரப்பிள்ளைகள் இன்றும் அதைச் சுடுகிறார்கள். பாஸ்க் மரபைப் பழக நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். நம் வீட்டு ஓவனே போதும்.

முதலில் ஒன்றரை கப் சுடுதண்ணீரில் வெண்ணெய், சர்க்கரை இரண்டும் கால் கால் கப், உப்பு ஒன்றேகால் டீஸ்பூன் போட்டுக் கரையுங்கள். விரலுக்கு வெதுவெதுப்பாக ஆறும்வரை பொறுங்கள்; சூடாக இருந்தால் ஈஸ்ட் செத்துவிடும். அப்புறம் இரண்டேகால் டீஸ்பூன் ஈஸ்ட் தூவி, நுரைத்ததும் நாலரை கப் மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 10 நிமிடம் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டாமல், சப்பாத்தி மாவைவிட மிருதுவாக வரவேண்டும்.

மூடி வையுங்கள். இரண்டு மடங்காக ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அதற்குள் ஆட்டம். இடாஹோவின் பாய்சி நகரில் உள்ள ஓய்ன்காரி என்னும் பாஸ்க் நடனக் குழு 1960இல் தொடங்கியது, இன்றும் ஆடுகிறது. அவர்கள் ஆடும் ஹோட்டா என்னும் நடனத்தின் தாளம் மூன்றெண்ணிக்கை. ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி விரல் சொடுக்கிப் பழகுங்கள். கால் அப்புறம் வரும், முதலில் தாளம் உடம்பில் ஏறட்டும். டிரிகிடிஷா என்னும் சிறிய அக்கார்டியனும் பாண்டெரோ என்னும் கஞ்சிரா போன்ற கைப்பறையும் சேர்ந்த இசையைக் கேட்டுக்கொண்டே செய்தால் சீக்கிரம் பிடிபடும்.

சரி, மாவுக்கு வருவோம். அமுக்கிக் காற்றை எடுத்து உருண்டையாக்கி, உள்ளேயும் மூடியிலும் எண்ணெய் தடவிய இரண்டரை லிட்டர் சட்டியில் வைத்து மூடுங்கள். மாவு மறுபடி பொங்கி மூடியைத் தொட்டுத் தூக்கப் பார்க்கும், அதுதான் பதம். ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் மூடியோடு 12 நிமிடம், திறந்து 25 முதல் 30 நிமிடம். அடியில் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரவேண்டும்.

வெட்டும்முன் ரொட்டியின் அடியில் கத்தியால் சிலுவை கீறுவது மேய்ப்பர் வழக்கம். முதல் துண்டு அவருக்கில்லை, கூடவே கிடை காத்த நாய்க்கு.