ஹெவி லைசென்ஸ் கோர்ஸுக்குக் கடன் வாங்குமுன் ஒரு சிட்டைக் கணக்கு

அக்கா மகன் போன மாதம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து ஒரு நோட்டீஸை நீட்டினான். கார், ஹெவி, பொக்லைன் மூன்றும் ஒரே பேக்கேஜ், ஃபீஸ் 60,000, முடித்ததும் மாதம் 35,000 சம்பளம் உறுதி, கையில் பணம் இல்லையென்றால் கடனும் அவர்களே ஏற்பாடு செய்து தருவார்களாம். "நாலே மாசத்துல அடைச்சிரலாம் மாமா" என்றான். அவனுக்குப் பதினெட்டு முடிந்து நாலு மாதம்தான் ஆகிறது. நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் இருவரும் எழுதின கணக்குத்தான் இது.

முதலில் வயதைப் பாருங்கள், ஃபீஸ் அப்புறம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, வாடகைக் காரோ லாரியோ, டிரான்ஸ்போர்ட் வண்டி எதையும் ரோட்டில் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடவே கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதாவது இவன் இன்றைக்கே 60,000 கட்டினாலும் லாரிச் சம்பளம் என்று ஒன்று வர இன்னும் 20 மாதம் ஆகும். ஊரில் நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200, இருபது மாதத்துக்கு 24,000, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். இதை அந்த நோட்டீஸில் எங்கேயும் போடவில்லை, போடவும் மாட்டார்கள்.

சரி, அவர்களே தரும் கடன்? "வருஷத்துக்கு 12 சதவீதம்தான்" என்பார்கள். இரண்டு வருஷத் தவணை என்றால் மாதம் 3,100 வரும், மொத்தம் 74,400. ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வரும்போது வட்டியை மட்டும் கடைசிவரை முழு 60,000-க்கே போடுவதால் (இதைத்தான் ஃப்ளாட் வட்டி என்பார்கள்), உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். பர்மாவிலும் மலேயாவிலும் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) எழுதி வட்டிக்கடை நடத்தின ஊர்க்காரர்கள் நாம், இதிலா ஏமாறுவது! "ஃப்ளாட்டா, குறையும் வட்டியா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வருமானத்தைப் பயிற்சி நிலையத்தில் கேட்காதீர்கள், ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள். நாங்கள் புதுவயலுக்குப் போய், ரைஸ் மில் எடைமேடை ஓரமாக லோடுக்குக் காத்திருந்த ஒரு டிரைவர் அண்ணனிடம் பேசினோம். அவர் வண்டி டேஷ்போர்டிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு குட்டி நோட்டை எடுத்துக் காட்டினார். சம்பளம் 12,000, ஓடின நாளுக்குப் பேட்டா 500. நல்ல மாதத்தில் 19 நாள் ஓடியிருக்கிறார், 21,500. வெளிச்சாப்பாடு நாளுக்கு 200 போக 17,700. அடுத்த பக்கத்தில் ஒரு மந்தமான மாதம், 11 நாள்தான், சாப்பாடு போக 15,300. பத்து வருஷம் ஓட்டினவர் கணக்கு இது. புதுப் பையனை முதலில் கிளீனராகத்தான் ஏற்றுவோம், சம்பளம் இதைவிடவும் குறையும் என்றார். 35,000 எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஆகவே நல்ல மாதத்தை வைத்துத் தவணை முடிவு செய்யாதீர்கள். மந்தமான மாதத்தில் கையில் நிற்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது என்பது என் அளவுகோல். 15,300-க்கு அது 3,060. டிரைவர் அண்ணனுக்கே 3,100 இடிக்கிறது, இவனுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?

அந்த 20 மாதத்தைச் சும்மா விடவும் வேண்டாம். காரைக்குடியிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் 2 வருஷம், டீசல் மெக்கானிக் 1 வருஷம். இங்கே எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையனாக இருந்தால் 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னும் 1,000. கூடவே கார் லைசென்ஸை மட்டும் எடுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சொந்த போர்டு காருக்கு ஆக்டிங் டிரைவராகப் பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் என்று போய்வரலாம். ஹெவி ஃபீஸில் பாதி அதிலேயே சேரும். மெக்கானிக் வேலையும் தெரிந்த டிரைவரை எந்த முதலாளியும் லேசில் விடமாட்டார், அது வேறு.

இருபது வயதுக்கு அப்புறமும் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் பேங்குக்குப் போங்கள். மத்திய அரசின் திறன் பயிற்சிக் கடன் உச்சவரம்பை 2024-இல் ஒன்றரை லட்சத்திலிருந்து 7.5 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். எல்லா டிரைவிங் ஸ்கூல் கோர்ஸும் அதில் வராது, அட்மிஷன் போடுமுன்பே மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள். அம்மாவின் சங்கிலியை வைப்பது கடைசி வழி, அதையும் பேங்கிலேயே வையுங்கள்.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கை நான் பிடிப்பது எத்தனை மணி நேரம்? மத்திய அரசு அங்கீகரித்த ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு 2021-இல் வந்த விதிப்படி ஹெவி வகுப்பு 6 வாரம், 38 மணி நேரம். பத்து நாளில் முடித்துத் தருகிறோம் என்றால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. கட்டணம், டெஸ்ட்டுக்கு வண்டி, மெடிக்கல் எல்லாம் ஃபீஸுக்குள்ளேயா வெளியேயா? போன பேட்ச் பையன்கள் நாலு பேர் நம்பர் தருவார்களா? எல்லாம் சரியாகப் பேசிவிட்டுக் கடைசியில், கடன் முடியும்வரை ஒரிஜினல் மார்க் ஷீட் எங்களிடம் இருக்கட்டும் என்றால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.