பேண்ட் மாட்டும் முன்: செபரேட்டர் போடுவது எப்படி?

கிளினிக் போஸ்டிங்கில் முதல்முறை செபரேட்டர் போடப்போகும் பல் மருத்துவ மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல் சீரமைப்புக் கம்பிக்காகக் கடைவாய்ப்பல்லைச் சுற்றி ஒட்டும் உலோகப் பட்டைதான் பேண்ட். அதன் தகடு 0.2 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஆனால் நெருக்கி நிற்கும் இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு நடுவில் அதற்குக்கூட இடம் இருக்காது. வலிய இறக்கினால் பேண்ட் மடங்கும், ஈறும் கிழியும். அதனால் பற்களை லேசாக விலக்கி இடம் உண்டாக்கும் செபரேட்டரைச் சில நாள் முன்பே போட்டுவிடுகிறோம். பித்தளைக் கம்பி, ஸ்பிரிங் என்று வேறு வகைகளும் உண்டு. பழகுவதற்கு எலாஸ்டிக் வளையம்தான் எளிது.

முதலில் அந்த இடைவெளியில் ஃபிளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) விட்டுத் துணுக்குகளை எடுத்துவிடுங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதும் அப்போதே கைக்குத் தெரிந்துவிடும். முதல் மோலாருக்கு (முதல் பெரிய கடைவாய்ப்பல்) முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வளையம் வேண்டும். இரண்டாம் மோலார் இன்னும் முளைக்காத பிள்ளைக்கு முன்பக்கம் மட்டும் போதும்.

அடுத்து, செபரேட்டர் பிளையரின் இரு முனைகளிலும் வளையத்தை மாட்டிக் கைப்பிடியை அழுத்துங்கள். வளையம் நீண்டு மெலியும். ஈறுப் பக்கம் இருக்கும் இழையைப் பற்கள் தொடும் இடத்தில் வைத்து, கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமுமாக ரம்பம் அறுப்பதுபோல் மெல்ல அசையுங்கள். நேராகக் கீழே குத்தாதீர்கள். ஒரு கட்டத்தில் இழை சட்டென்று வழுக்கி உள்ளே இறங்கும். அங்கேயே நிறுத்திப் பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். பாதி வளையம் தொடும் இடத்துக்குக் கீழே, மறுபாதி மேலே கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். முழு வளையமும் உள்ளே போயிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பிளையர் இல்லையா? இரண்டு ஃபிளாஸ் துண்டுகளை வளையத்துக்குள் கோத்து எதிரெதிராக இழுத்தும் இதையே செய்யலாம். வேலை முடிந்ததும் ஃபிளாஸை உருவிவிடுங்கள்.

எத்தனை போட்டீர்கள், எங்கே போட்டீர்கள் என்பதை உடனே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை எட்டு போட்ட இடத்தில் ஏழுதான் இருந்தது. “சாப்பிடும்போது விழுந்திருக்கும்” என்றார் நோயாளி. மனம் கேட்காமல் ஈறை விலக்கிப் பார்த்தேன். சிவந்து வீங்கிய ஈறுக்கடியில் நீல வளையத்தின் விளிம்பு தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் சீழ் பிடித்து எலும்பு கரைந்து பல்லே ஆடத் தொடங்கியிருக்கும். பல வளையங்கள் எக்ஸ்ரேயில் தெரியாது. பளிச்சென்ற நிறத்தில் வருவதும் கண்ணில் படத்தான்.

வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியிடம் பேசுங்கள். பல்லில் ஏதோ சிக்கியதுபோல் இருக்கும். சில மணி நேரத்தில் வலி தொடங்கி, ஓரிரு நாள் கூடுதலாக இருந்து, பிறகு குறையும். தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். ஒட்டும் பண்டம் வேண்டாம். அந்த இடத்தில் ஃபிளாஸும் பல்குச்சியும் வேண்டாம். வளையம் விழுந்தால் உடனே தெரிவிக்கச் சொல்லுங்கள்.

ஐந்து முதல் ஏழு நாளில் வரவழையுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டவே கூடாது. எக்ஸ்ப்ளோரர் என்ற வளைந்த கூர்முனைக் கருவியின் நுனியை வளையத்துக்குள் கொக்கிபோல் மாட்டி, தெறிக்காமல் மேலே விரலை வைத்துக்கொண்டு இழுங்கள். எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். அப்புறம் அன்றே பேண்டை அளவு பார்த்து ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் பற்கள் சீக்கிரமே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அன்று முடியாது என்றால் புது வளையம் போட்டு அனுப்புங்கள்.