ஸ்பானரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்: ஃபோர்டு மாடல் டி-யில் கை வைக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

பழைய மாடல் டி கார் ஒன்று புதுப்பிக்கக் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் எடுப்பது ஸ்பானரைத்தான். என்னைக் கேட்டால், முதல் இரண்டு வாரத்துக்கு ஸ்பானர் பெட்டியைப் பூட்டி, சாவியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடலாம். நூறு வருஷமாகத் துருவும் எலியும் விட்டுவைத்ததை, ஆசையோடு இறங்குகிற ஆள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இல்லாமல் ஆக்கிவிடுவார்.

"எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டால் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் இன்ஜின் நம்பரைக் காட்டுவார்கள். இரண்டையும் அப்படியே நம்பிவிடுவது பெரிய தவறு. மாடல் டி 1908 அக்டோபரில் வந்து, 1927 மே வரை ஒன்றரைக் கோடி அளவுக்குத் தயாரானது. இன்ஜின் பிளாக்கின் (இன்ஜினின் வார்ப்பு உடல்) இடது பக்கம், தண்ணீர் உள்ளே போகும் இடத்துக்கு மேலே அடித்திருக்கும் எண்தான் வண்டிக்கும் எண். சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், எண் அடிக்கும் வழக்கம் 1926 மாடலை ஒட்டித்தான் வந்தது. அதனால் எந்தக் காலத்திலோ இன்ஜின் மாறியிருந்தால், காகிதத்தில் வண்டியின் வயசும் சேர்ந்து மாறிவிட்டது என்று அர்த்தம். கார் நின்ற பிறகும் உதிரியாக விற்பதற்கென்று 1941 வரை அதே இன்ஜினைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் மாற்றுவது அந்தளவுக்குச் சாதாரணம்.

ஆகவே ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ரேடியேட்டர் பித்தளையா, கறுப்புத் தகடு மூடியதா? பித்தளை 1916 மாடலோடு முடிந்தது. மட்கார்டு தட்டையா, வளைந்ததா? வளைவு 1917 மாடலில் வந்தது. முகப்பு விளக்கு கேஸில் எரிவதா, கரண்டில் எரிவதா? 1915-இல் மின்விளக்கு வந்துவிட்டது. பிளாக்கில் வார்ப்புத் தேதி எழும்பி நிற்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சு ஒரு வருஷம், பாடி ஒரு வருஷம் என்று வந்தால் பதறவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பெரும்பாலான மாடல் டி அப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

மறைக்கிற ஆசை பித்தளையில்தான் அதிகம். 1920-களின் வண்டிக்குப் பித்தளை ரேடியேட்டரும் பித்தளை விளக்கும் மாட்டி, 'ஆரம்பக் காலத்து வண்டி' என்று நிறுத்திவிடுவார்கள். கல்யாண ஊர்வலத்துக்குப் பளபளவென்றுதான் இருக்கும். தெரிந்தவர் மட்கார்டின் வளைவைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்.

நம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு விஷயம் உண்டு. இந்தியாவுக்கு வந்த வலது ஸ்டியரிங் மாடல் டி-களுக்குத் தாய்வீடு கனடா. ஃபோர்டின் இந்தியக் கம்பெனியும் 1926-இல் கனடா ஃபோர்டின் கிளையாகத்தான் தொடங்கியது. இது தெரியாமல் அமெரிக்க வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தால் எல்லாம் தப்பாகப் போகும். அமெரிக்க டூரிங் வண்டியில் (மடிக்கும் துணிக்கூரை உள்ள திறந்த வண்டி) பல வருஷம் ஓட்டுநர் பக்கக் கதவு வெறும் கோடுதான், திறக்காது. கனடா வண்டியில் திறக்கும். 'இதை யாரோ பின்னால் வெட்டியிருக்கிறார்கள்' என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். பாடியில் தலையில் சதுரக் குழி உள்ள திருகுகள் கிடைத்தால் அவையும் பிற்காலத்து வேலை இல்லை. ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் கண்டுபிடித்த திருகு அது. கனடா மாடல் டி பாடிகளில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஸ்டார் திருகு மாட்டினால், வண்டி தன் பிறந்த ஊரைச் சொல்கிற வாயை நாமே அடைத்த மாதிரி.

இதனால்தான் கழற்றும்முன் படம் எடுங்கள் என்கிறேன். ஒவ்வொரு திருகையும் அது இருந்த இடத்தின் பெயர் எழுதிய டப்பாவில் போடுங்கள். உளுத்துப்போன பாடிக் கட்டையை அடுப்புக்கு அனுப்பாதீர்கள். புதுக் கட்டை வெட்டும் ஆசாரிக்கு அந்த உளுத்த கட்டையை விட நல்ல அளவுகோல் கிடையாது. மணல் அடித்துச் சுத்தம் செய்வதும் அவசரத்தில்தான் நடக்கிறது. சீட்டுக்கு அடியில், தகடு மடிந்த இடத்தில் பழைய பெயிண்ட் ஒரு கை அகலத்துக்காவது மிச்சமிருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்காமல் அடித்துவிட்டால் நிறம் வெறும் ஊகமாகிவிடும். மாடல் டி என்றாலே கறுப்பு என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது 1914 முதல் 1925 வரைதான் உண்மை. அதற்கு முன்னும் பின்னும் வேறு நிறங்கள் உண்டு.

இனி உயிர் போகிற விஷயத்துக்கு வருகிறேன். 'ஒரிஜினல் பாகம்தான் வேண்டும்' என்ற பிடிவாதம் ஒரே ஓர் இடத்தில் கூடவே கூடாது. பின் அச்சில், இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் ஒவ்வொரு பக்கமும், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் ஒன்று இருக்கும். ஃபோர்டு அதை ஒயிட் மெட்டலில், அதாவது பாபிட் என்ற மெதுவான உலோகக் கலவையில் செய்தது. வயசாக ஆக அது வெடித்து நொறுங்கும். ஒரு முறை ஹவுசிங்கைப் பிரித்தபோது, வாஷர் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கசடும், நகக்கண் அளவுக்குச் சில சில்லுகளும்தான் கையில் வந்தன. வண்டி அதுவரை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வாஷர் நொறுங்கினால் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் விலகும், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பிடி விட்டுப்போகும். வண்டி நகராது, அவ்வளவுதானே என்று நினைக்கலாம். அவ்வளவு இல்லை. மாடல் டி-யின் பெடல் பிரேக் சக்கரத்தில் பிடிப்பதில்லை, கியர்பாக்ஸுக்குள் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பு சக்கரத்துக்குப் போக வேண்டிய வழியும் அதே பினியன், அதே கிரவுன்தான். பிடி விட்ட நிமிஷம் பிரேக்கும் போய்விடும். மிச்சம் இருப்பது பின் சக்கர டிரம்மைப் பிடிக்கும் கை பிரேக் மட்டும். மலைப்பாதை இறக்கத்தில் அதை நம்ப முடியாது. எனவே 'நன்றாக ஓடுகிறது' என்று விற்றவர் சத்தியம் செய்தாலும் பின் அச்சைத் திறந்தே ஆக வேண்டும். உள்ளே இருப்பது பாபிட் என்றால் வெண்கல வாஷர் போடுங்கள். வெளியே தெரியாது, எந்தப் போட்டியிலும் மார்க் குறையாது.

அப்புறம் காயில், அதாவது ஸ்பார்க் பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் பாகம். நான்கு மரப்பெட்டிகள், 'கிர்ர்' என்று அதிரும் பாயின்ட்டுகள். இன்ஜின் விட்டுவிட்டு ஓடும் 'மிஸ்ஸிங்' வந்தவுடன் அவற்றைத் தூக்கிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டச் சொல்லும் மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். பெரும்பாலும் காயில் கெட்டிருக்காது. உள்ளே கீல் ஊற்றி மூடியிருக்கும் பழைய கண்டென்சர்தான் போயிருக்கும். அதை மாற்றி, பாயின்ட்டைச் சரி செய்தால் காயில் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் சத்தத்தைக் காதால் கேட்டுப் பாயின்ட் வைக்காதீர்கள். அதற்கென்று டெஸ்டர் இருக்கிறது, நான்கையும் ஒரே மாதிரி அமைக்க அதுதான் வழி. பேட்டரி வயரைத் தவறுதலாக மேக்னெட்டோவின் (இன்ஜின் சுழலும்போது காந்தத்தால் மின்சாரம் தரும் அமைப்பு) முனையில் வைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஃபிளைவீலில் இருக்கும் 16 காந்தங்களும் அதில் பலம் இழந்துபோகலாம். பிறகு இன்ஜினையே இறக்க வேண்டிவரும்.

மரச் சக்கரத்தில் ஆரக்கால் ஆடினால், மாட்டுவண்டி நினைப்பில் குளத்தில் ஊறப்போடச் சொல்வார்கள். ஊறிய மரம் இறுகும்தான், ஆனால் காய்ந்ததும் முன்பை விட அதிகமாக ஆடும். ஆரக்காலை மாற்றுவதுதான் வைத்தியம். போல்ட் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவை அங்குல மரை போல்ட்டுகள். மில்லிமீட்டர் போல்ட்டை அடித்து முறுக்கினால் மரை போய்விடும். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிலிட் பின் இருந்த இடத்தில் ஸ்பிலிட் பின்தான் வர வேண்டும்.

பதிவு விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயசு தாண்டி, சேஸி, பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குத்தான் 'விஏ' வரிசையில் விண்டேஜ் பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வெட்டி ஒட்டிய பிறகு இதைப் படித்துப் பயனில்லை.

எல்லாம் முடிந்து, இன்ஜினைக் கிளப்ப ஹேண்டில் போடப் போகிறீர்கள் என்றால், பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவர் முழுக்க மேலே இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். இடது கையால், கீழிருந்து மேலே இழுங்கள். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போய்விடும், கை தப்பும்.