இத்தாலியில் முதல் மாதம்: எந்தக் காகிதம் முதலில், எந்தப் பழக்கம் முதலில்

இத்தாலிக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இரண்டு விஷயம். எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது? அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பழகுவது? இரண்டையும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாதிக் காரியம் நடக்கிறது. நான் இருப்பது தொரினோவில், ஆங்கிலத்தில் டூரின். அதனால் உதாரணங்கள் இந்த ஊரை ஒட்டி வரும். நடைமுறை நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: நுழைந்ததும் வணக்கம்

கடை, அலுவலகம், மருத்துவரின் காத்திருப்பு அறை, அடுக்குமாடி லிஃப்ட் என எங்கே நுழைந்தாலும் முதலில் "பொன்ஜோர்னோ" சொல்லுங்கள். பொழுது சாய்ந்தபின் "பொனசேரா". கிளம்பும்போது "அரிவெதெர்ச்சி". நம் ஊரில் ஒரு சிரிப்பும் தலையசைப்பும் போதும். இங்கே வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் எதிரே இருப்பவரின் முகம் இறுகிவிடும். "ச்சாவ்" நண்பர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும். தெரியாதவர்களிடம் "லேய்" என்ற மரியாதை வடிவம்தான். அவர்களாக "தூ", அதாவது "நீ", என்று கூப்பிடச் சொன்னால் மாறிக்கொள்ளலாம்.

வரிசையில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்காமல் அங்கங்கே நிற்பார்கள். அதைப் பார்த்து வரிசையே இல்லை என்று நினைக்காதீர்கள். நம்பர் சீட்டு தரும் இயந்திரம் இருந்தால் சீட்டு எடுங்கள். இல்லையென்றால் "கி எ லுல்திமோ?" என்று கேளுங்கள். கடைசியாக வந்தவர் யார் என்று அர்த்தம். ஒருவர் கை தூக்குவார். அவருக்கு அடுத்தது நீங்கள். அவரை மட்டும் கவனித்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

படி 2: கோதிச்சே ஃபிஸ்காலே

இதுதான் முதல் காகிதம். 16 எழுத்தும் எண்ணுமாகச் சேர்ந்த வரி அடையாள எண். வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, போன் சிம் எல்லாவற்றுக்கும் இதைக் கேட்பார்கள். அஜென்சியா தெல்லே என்த்ராத்தே எனும் வரி அலுவலகத்தில் பாஸ்போர்ட், விசா, அவற்றின் நகல்களோடு போனால் இலவசமாகக் கிடைக்கும். யாராவது காசு கேட்டால் அவர் இடைத்தரகர்.

இந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரிலிருந்து, அடுத்த மூன்று சொந்தப் பெயரிலிருந்து. பிறகு பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறந்த தேதி. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டுவார்கள், 5ஆம் தேதி பிறந்தவருக்கு 45 என்று வரும். அடுத்து பிறந்த நாட்டின் குறியீடு: இந்தியாவுக்கு இசட்222, இலங்கைக்கு இசட்209. கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து.

தமிழர்களுக்குச் சிக்கல் வருவது அந்த முதல் ஆறு எழுத்தில்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். ஓர் அலுவலகம் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகப் பதியும், இன்னொன்று மாற்றிப் பதியும். பெயரைப் பிரிக்கும் விதம் மாறினால் எண்ணும் மாறிவிடும். பிறகு வங்கியில் ஒரு ஆள், பல்கலைக்கழகத்தில் வேறு ஆள் என்று ஆகிவிடும். எனவே கவுன்டரை விட்டு நகரும் முன் அச்சான தாளைப் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த ஊர், தேதி, பால் எல்லாவற்றையும் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். இனி எந்தப் படிவத்திலும் அதே வடிவில்தான் பெயரை எழுத வேண்டும்.

படி 3: பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ

தங்கும் அனுமதிக்கு, நாட்டுக்குள் வந்த 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படிக்க வந்தவர்கள் போக வேண்டிய இடம் தபால் நிலையம். அதிலும் "ஸ்பொர்தெல்லோ அமீகோ" என்ற கவுன்டர் உள்ள கிளையாகப் பாருங்கள். விண்ணப்ப உறையை இலவசமாகத் தருவார்கள். வேலை விசாவில் வந்தவர்களுக்கும் குடும்பத்தோடு சேர வந்தவர்களுக்கும் விஷயம் பிரெஃபெத்தூரா, அதாவது மாகாணத்தில் உள்ள மத்திய அரசு அலுவலகம், வழியாகத் தொடங்கும். அழைத்தவரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கறுப்பு மையில், பெரிய எழுத்தில் நிரப்புங்கள். பாஸ்போர்ட், விசா, நுழைவு முத்திரைப் பக்கங்களின் நகல், சேர்க்கைக் கடிதம், காப்பீடு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை உள்ளே வையுங்கள். 16 யூரோ வருவாய் முத்திரையான "மார்கா தா போல்லோ" தபால் நிலையத்தில் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பெரிய "டி" எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி எனும் புகையிலைக் கடையில் முன்பே வாங்கிவிடுங்கள். உறையை ஒட்ட வேண்டாம், திறந்தபடியேதான் கொடுக்க வேண்டும். ஓராண்டு மாணவர் அனுமதிக்கு அட்டைக்கும் கட்டணத்துக்கும் சேர்த்து 70.46 யூரோ, தபாலுக்கு 30 யூரோ.

கையில் கிடைக்கும் ரசீது பத்திரம். அட்டை வரும்வரை அதுதான் உங்கள் அனுமதி. கைரேகைக்காகக் குவெஸ்தூராவுக்கு, அதாவது போலீஸ் தலைமையகத்துக்கு, போக வேண்டிய தேதியும் அப்போதே தருவார்கள். அன்று பாஸ்போர்ட் அளவுப் படம் 4, எல்லா அசல் தாள்கள், அவற்றின் நகல்கள் எடுத்துச் செல்லுங்கள்.

அட்டை வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் விசா முடிந்துவிட்டால், ரசீதை மட்டும் நம்பிப் பாரிஸ் வழியாகவோ ஃபிராங்க்பர்ட் வழியாகவோ ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். வேறு ஷெங்கன் நாட்டை (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) தொடாமல் போய் வர வேண்டும். துபாய், தோஹா வழி பாதுகாப்பு.

படி 4: மருத்துவம்

மாணவர்கள் பணம் கட்டி அரசு மருத்துவச் சேவையில் சேரலாம். 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. ஆனால் அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு. செப்டம்பரில் வந்து சேர்ந்து கட்டினாலும் முழுத் தொகைதான். எனவே செப்டம்பரில் வருபவர்கள் டிசம்பர் வரை தனியார் காப்பீட்டில் சமாளித்துவிட்டு ஜனவரியில் சேருவது புத்திசாலித்தனம். சேர்ந்தபின் பட்டியலில் இருந்து ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுப்பீர்கள். சின்னச் சின்ன உபாதைக்கெல்லாம் அவரிடம்தான் போக வேண்டும்.

படி 5: வீடு

நண்பர் வீட்டில் தங்கினாலும் சரி, வாடகைக்கு எடுத்தாலும் சரி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவரைத் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் போலீசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு இடம் கொடுத்த அண்ணனையோ அக்காவையோ நினைவுபடுத்தி இதைச் செய்யச் சொல்லுங்கள், அவர்களுக்கும் நல்லது. வாடகை ஒப்பந்தம் வரி அலுவலகத்தில் பதிவானதாக இருக்கட்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

பெரும்பாலான வீடுகளின் மின் இணைப்பு 3 கிலோவாட் மட்டுமே. மின்சார ஓவன், துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன் மூன்றும் ஒன்றாக ஓடினால் மீட்டரின் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். மீட்டர் சில கட்டடங்களில் தரைத்தளத்தில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். சாவி எங்கே என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். நம் ஊர் மூன்று முனைப் பிளக் இங்கே நுழையாது. இங்கே மூன்று உருண்டை முனைகளும் ஒரே கோட்டில் இருக்கும், அதிலும் மெல்லியது, தடித்தது என இரண்டு அளவு. "ஃபெர்ரமென்தா" எனும் இரும்புக் கடையில் அடாப்டர் கிடைக்கும்.

குப்பையைப் பிரிப்பது இங்கே கட்டாயம். சாப்பாட்டுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, மீதி என்று தனித்தனி. தொட்டியின் நிறம் ஊருக்கு ஊர் மாறும், நகராட்சி அட்டவணையைப் பாருங்கள். சாப்பாட்டுக் கழிவுக்கு மக்கும் பைதான்.

பிற்பகல் இரண்டு மணிவாக்கில் பல கட்டடங்களில் ஓய்வு நேரம் உண்டு. அப்போது மிக்ஸி போட்டால் கீழ்வீட்டம்மா மேலே வந்துவிடுவார்.

படி 6: பார்

பார் என்றால் இங்கே காபிக்கடை. பேட்டைக்கு ஒன்று கண்டிப்பாக இருக்கும். பாஷை பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. தினமும் ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்கள். வெகு சீக்கிரத்தில் உங்கள் காபி கேட்காமலே வரும். தெருவில் எந்த வீடு காலி, எந்த மருத்துவர் நல்லவர் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

நடைமுறை எளிது. "உன் கஃபே" என்றால் எஸ்பிரெஸ்ஸோ. கவுன்டரில் நின்று இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். மேசையில் உட்கார்ந்தால் அதே காபிக்கு விலை கூடும், விலைப்பட்டியலில் இரண்டும் போட்டிருக்கும். ரயில் நிலையம் போன்ற கூட்டமான இடங்களில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, "ஸ்கொன்த்ரீனோ" எனும் ரசீதைக் கவுன்டரில் வைத்துச் சொல்ல வேண்டும். பேட்டைக் கடைகளில் குடித்தபின் கட்டலாம். கப்புச்சீனோ காலையில் குடிப்பது. சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாலும் தருவார்கள், ஆனால் யாரும் குடிப்பதில்லை.

உணவகத்தில் நீங்கள் கேட்காமல் பில் வராது. சாப்பிட்டவரை எழுப்பிவிடுவது போலாகும் என்பதால் கொண்டுவர மாட்டார்கள். "இல் கொந்தோ, பெர் ஃபவோரே" என்று கேளுங்கள். பில்லில் "கொப்பேர்தோ" என்று ஒரு தொகை இருந்தால் அது தலைக்கு இவ்வளவு என்ற மேசைக் கட்டணம். டிப்ஸ் கட்டாயமில்லை.

சைவர்களுக்கு

கறி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் டூனா மீனோ நெத்திலியோ வந்து நிற்கும். "சோனோ வெஜெதாரியானோ" என்று ஆண்களும் "வெஜெதாரியானா" என்று பெண்களும் சொல்ல வேண்டும். அதன்பிறகும் கேட்க வேண்டியவை உண்டு: சூப்பும் ரிசோத்தோ எனும் சோறும் கறிச்சாற்றில் வெந்ததா? ரொமாஞ்ஞா பக்கத்துப் பியதீனா ரொட்டியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு. பர்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் வயிற்று நொதியால் உறைய வைக்கப்படுவது. கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். தயக்கமில்லாமல் சாப்பிட ஃபரினாத்தா இருக்கிறது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். விறகடுப்பில் ஓரம் மொறுமொறுப்பாக வெந்து, மிளகுத்தூள் தூவி வரும். தொரினோவிலும் ஜெனோவாவிலும் கட்டாயம் சாப்பிடுங்கள்.

சமையலுக்குச் சந்தைதான் மலிவு. தொரினோவில் போர்த்தா பலாட்ஸோ சந்தையில் பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கும். காய்கறியை நீங்களே கையால் அழுத்திப் பார்க்காதீர்கள், கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். "ஏத்தோ" என்றால் 100 கிராம், விலை அந்தக் கணக்கில் எழுதியிருக்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் கையுறை மாட்டி எடுத்து, விலைப்பலகையில் உள்ள எண்ணைத் தராசில் அழுத்தி, வரும் சீட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு கல்லாவுக்குப் போக வேண்டும். மறந்துவிட்டால் திரும்ப ஓட வேண்டியதுதான்.

படி 7: பஸ், ரயில்

டிக்கெட் வைத்திருந்தால் மட்டும் போதாது, முத்திரை குத்த வேண்டும். பஸ் டிக்கெட்டைத் தபாக்கியில் வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் பதியுங்கள். உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன்பே பிளாட்பாரத்து இயந்திரத்தில் செருக வேண்டும். செய்யாவிட்டால் அபராதம். ஃப்ரெச்சரோஸ்ஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களில் இருக்கை எண்ணோடு வருவதால் இந்த வேலை இல்லை.

"ஷோப்பெரோ" என்றால் வேலைநிறுத்தம். முன்கூட்டியே அறிவிப்பார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். அந்த நேரத்துக்குள் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஒரு வீட்டுக்கு அழைத்தால்

கட்டாயம் போங்கள். ஞாயிறு மதிய விருந்துக்கு அழைப்பது பெரிய பிரியம். வாசலில் நின்று "பெர்மெஸ்ஸோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே நுழைவது வழக்கம். பேக்கரியில் சிறு இனிப்புகள் ஒரு தட்டு கட்டி வாங்கிச் செல்லுங்கள். பூ வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: செவ்வந்தி வேண்டாம். நமக்கு அது சாமிக்குப் போடும் பூ. இங்கே அது கல்லறைப் பூ, நவம்பர் 2ஆம் தேதி இறந்தோர் நினைவு நாளில் கல்லறைகளில் குவிந்திருக்கும். தேவாலயம் பார்க்கப் போனால் தோளும் முழங்காலும் மூடிய உடை.

ஒவ்வொரு ஊருக்கும் காவல் புனிதர் உண்டு, அன்று அந்த ஊருக்கு மட்டும் விடுமுறை. தொரினோவுக்கு ஜூன் 24, மிலானோவுக்கு டிசம்பர் 7, நாப்போலிக்குச் செப்டம்பர் 19. பலெர்மோவின் சாந்தா ரொசாலியாவுக்கு ஜூலையில் பெருவிழா. அந்த ஊரில் நிறைய இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் உள்ள அவளது குகைக் கோயிலுக்கு நம் இந்துக்களும் நேர்ந்துகொண்டு ஏறுகிறார்கள். பலெர்மோ போனால் நீங்களும் ஏறிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ. அதை ஒட்டி இரண்டு வாரம் கடைகளும் மருத்துவர்களும் அலுவலகங்களும் விடுப்பில் போய்விடுவார்கள். தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்கள் ஜூலையிலேயே சீட்டு வாங்கி இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடை பூட்டியிருந்தால் அதன் கதவைப் படியுங்கள், அருகில் திறந்திருக்கும் கடையின் முகவரி ஒட்டியிருக்கும். அவசரம் என்றால் 112.