கார் மீட்டரில் எரியும் விளக்குகளைப் படிப்பது எப்படி?

டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் விடுவது, கியர் மாற்றுவது, ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டரில் எரிகிற விளக்குகளைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. முதல் கார் வாங்கி, சென்னையில் ஒரு மழைக்காலத்தை ஓட்டி முடித்த பிறகு, ஏதோ ஒரு விளக்கு அணையாமல் நிற்கும்போதுதான் தேட ஆரம்பிக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. இன்ஜின் விளக்கு எரிந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுகிற அதே ஆள், ஏர்பேக் விளக்கு மாதக்கணக்கில் எரிந்தாலும் கண்டுகொள்வதில்லை. வண்டிதான் நன்றாக ஓடுகிறதே! அதனால் இங்கே இன்ஜினைக் காக்கும் விளக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளைக் காக்கிறவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

தேவையானவை: கார், அதோடு வந்த ஓனர்ஸ் மேனுவல், கையில் ஒரு மொபைல். மேனுவல் பெரும்பாலும் டேஷ்போர்டு குளோவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும்.

படி 1: ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்புங்கள்

வண்டியை நிறுத்திய நிலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் பிரேக்கையோ கிளட்ச்சையோ மிதிக்காமல் பட்டனை அழுத்த வேண்டும். பல கார்களில் இரண்டு முறை அழுத்தினால் ஆன் நிலைக்கு வரும்.

இப்போது எச்சரிக்கை விளக்குகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் எரியும். பயப்பட வேண்டாம், கார் தன் விளக்குகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. உடனே மொபைலில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் நிதானமாக மேனுவலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் என்ன என்று பொருத்திப் பாருங்கள். உங்கள் காரில் எந்த விளக்குகள் இருக்கின்றன என்பதை இப்படித் தெரிந்துகொள்வதுதான் சரி. இணையத்தில் சுற்றும் அறுபது எழுபது படங்கள் கொண்ட அட்டவணை உங்களைக் குழப்பத்தான் செய்யும்.

கவனிக்க வேண்டியது, எது எப்போது அணைகிறது என்பதை. ஆயில், பேட்டரி விளக்குகள் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு அணையும். ஏர்பேக் விளக்கு, அதாவது உட்கார்ந்த ஆள், அவர் முன்னே ஒரு வட்டம், சில விநாடிகள் எரிந்துவிட்டுத் தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பழுதை மறைக்க அந்த விளக்கையே செயலிழக்கச் செய்து விற்கிறவர்கள் உண்டு. பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கும் முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள்.

படி 2: முதலில் நிறம், பிறகு படம்

சிவப்பு என்றால் பெரும்பாலும் ஓரங்கட்டு. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் தகவல் மட்டும். சில சின்னக் கார்களில் காலையில் நீல நிறத்தில் தெர்மாமீட்டர் படம் எரியும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று பொருள். கொஞ்ச தூரம் மெதுவாகப் போனால் அணைந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்று: மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓட்டலாம், விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள். சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் புகைக்குழாய்ப் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அது விலை அதிகமான பாகம்.

படி 3: சிவப்பு எரிந்தால்

நீண்ட மூக்கும் ஒரு சொட்டும் உள்ள ஆயில் கேன் படம்: ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது. பாதுகாப்பாக ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டினால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும். டோயிங் வண்டியைக் கூப்பிடுவதே மலிவு.

தெர்மாமீட்டர் படம் சிவப்பாக: இன்ஜின் கொதிக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின இரவு தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வரக்கூடிய விளக்கு இது. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரைக் கூட்டுங்கள். சென்னை வெயிலில் இது தண்டனைதான், ஆனால் இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். சிவப்பே வந்துவிட்டால் ஓரங்கட்டி அணைத்துவிட்டு, நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு கூலன்ட் டேங்கில் அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி படம்: பேட்டரி செத்துவிட்டது என்று பொருளில்லை, இன்ஜின் ஓடும்போது அதற்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. ஏ.சி., ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள். கூடவே சூடும் ஏறினால் இன்ஜின் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது நிறுத்தியே ஆக வேண்டும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: பிரேக். முதலில் ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான். இறக்கியும் எரிந்தால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு MIN, MAX கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பிரேக் பேடு தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஆயில் ஊற்றி விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

படி 4: மஞ்சள் எரிந்தால்

ஏ.பி.எஸ். என்ற எழுத்துகள் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். சடன் பிரேக் போட்டால் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் வசதி மட்டும் இல்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்பட்ட கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும். புதியவர்கள் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ஆனால் ஏ.பி.எஸ்.ஸும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை நகர்த்த வேண்டாம்.

டயர் குறுக்குவெட்டுக்குள் ஆச்சரியக்குறி என்றால் காற்று குறைந்திருக்கிறது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும்.

பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: புகை வடிகட்டி விளக்கு எரிந்தால், அதில் கரி சேர்ந்துவிட்டது. அண்ணா நகருக்கும் தி.நகருக்கும் நடுவே மட்டுமே ஓடும் டீசல் காருக்கு இது வர வாய்ப்பு அதிகம். தாம்பரம் – மதுரவாயல் பைபாஸ் மாதிரி நிற்காமல் ஓடும் சாலையில், மேனுவல் சொல்லும் வேகத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் கரி எரிந்து விளக்கு அணையும்.

படி 5: பெல்ட் விளக்கை ஏமாற்றாதீர்கள்

சிவப்பில் பெல்ட் போட்ட ஆள் படமும் அதோடு வரும் டிங் டிங் சத்தமும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறார்கள். பெல்ட் நாக்கு மாதிரியே இருக்கும். பக்கிளில் செருகினால் கார் வாயை மூடிக்கொள்ளும். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகள்மீது நடவடிக்கை எடுத்து, இந்த கிளிப் விற்கும் 13,118 பதிவுகளை நீக்க வைத்தது.

கிளிப்பில் என்ன கெடுதல் என்று புரிய, விபத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் மோதியதும் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ப்ரீ டென்ஷனர் பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து உங்களைச் சீட்டோடு இறுக்குகிறது. அதே நேரத்தில் ஏர்பேக், விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், வாயு நிறைந்து விரிகிறது. நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அது விரிந்து சுருங்கத் தொடங்கியிருக்கும். பெல்ட் போட்டவர் விரிந்து முடிந்த பையில் போய்ச் சாய்கிறார். போடாதவரோ விரிந்துகொண்டிருக்கும் பையை நோக்கி எறியப்படுகிறார். அவரை அந்தப் பையே அடிக்கும். பல கார்களில் பெல்ட் மாட்டியிருக்கிறதா என்பதையும் கணக்கில் வைத்துத்தான் கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது. கிளிப் செருகினால் அதற்குப் பொய்த் தகவல் போகிறது.

போடும் முறையும் முக்கியம். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் வரக் கூடாது, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்கு அடியில். மேல்பட்டை தோள் எலும்பின் குறுக்கே வரட்டும்; கழுத்தை உறுத்துகிறது என்று கைக்கடியில் விடாதீர்கள். அதற்காகத்தான் தூணில் உயரம் மாற்றும் வசதி, உங்கள் காரில் இருந்தால், இருக்கிறது.

பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார். சென்னையில் பல கார்களில் நிலைமை என்ன? ஜி.பி. ரோட்டில் போட்ட சீட் கவருக்கு அடியில் பக்கிள்கள் புதைந்து கிடக்கும். இன்றே பின் கதவைத் திறந்து, சீட் மடிப்புக்குள் விரல் விட்டு அவற்றை வெளியே இழுத்துவிடுங்கள்.

சென்னை பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் காரை மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கூடம் உண்டு. 2023 அக்டோபரில் தொடங்கிய, கார்களின் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனையில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரை மோதவிடுகிறார்கள். 'என் கார் அஞ்சு ஸ்டார்' என்று சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: உள்ளே இருந்த பொம்மைகள் எல்லாம் பெல்ட் போட்டிருந்தன.

படி 6: ஏர்பேக் விளக்கு அணையாவிட்டால்

இது எரிந்துகொண்டிருந்தால் விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம், ப்ரீ டென்ஷனரும் இழுக்காமல் போகலாம். வேறு எந்த அறிகுறியும் தெரியாது. ஏ.சி. குளிரும், பாட்டு கேட்கும், மைலேஜ் கூடக் குறையாது.

நம்ம ஊரில் அடிக்கடி அகப்படும் காரணம் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஒரு மஞ்சள் நிற கனெக்டர் தொங்கும். ஏர்பேக், ப்ரீ டென்ஷனர் சம்பந்தப்பட்ட ஒயர்களுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது வழக்கம். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போதும், சீட்டுக்கடியில் குடையைத் திணிக்கும்போதும், மேட் கழுவுகிறவர் கையைவிட்டு இழுக்கும்போதும் அது தளரும். மழைநீர் தரைக்குள் ஏறினால் பின்கள் பச்சை பிடிக்கும். மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளத்தில் கார் நின்றிருந்தால், தண்ணீர் வற்றி வாரங்கள் கழித்துக் கூட இந்த விளக்கு வரலாம்.

டார்ச் அடித்துப் பாருங்கள், தொடாதீர்கள். யூட்யூபில் அதைக் கழற்றி மாட்டுகிறார்கள், மல்ட்டிமீட்டர் வைத்துச் சோதிக்கிறார்கள். அந்த ஒயரின் மறுமுனையில் வெடிமருந்து இருக்கிறது. பயிற்சி பெற்றவர் பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, பிறகுதான் தொட வேண்டும். ஆன்லைனில் வாங்கும் மலிவு ஸ்கேனர்கள் இன்ஜின் கோளாறுக் குறியீடுகளைத்தான் பெரும்பாலும் படிக்கும்; 'ஸ்கேன் போட்டேன், ஒண்ணும் இல்லை' என்று யாராவது சொன்னால் ஏர்பேக் மாட்யூலைப் படித்தாரா என்று கேளுங்கள்.

ஏர்பேக் இருக்கும் இடங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் உங்கள் வேலைதான். ஸ்டியரிங் நடுவுக்கும் மார்புக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். குள்ளமாக இருப்பவர்கள் சீட்டை உயர்த்தி, கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். கைகள் ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் இருக்கட்டும். இடது பக்கம் டேஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டியிருந்தால், அது ஏர்பேக் மூடியின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி திறக்கும்போது சிலை பக்கத்தில் இருப்பவர் முகத்துக்குத்தான் வரும். அவரை நடுவில் கண்ணாடிக்குக் கீழே நகர்த்தினால் கோபித்துக்கொள்ள மாட்டார். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய துணிப்பட்டை தெரிந்தால் சைடு ஏர்பேக் உண்டு. எல்லாவற்றையும் மூடித் தைத்த சீட் கவர் அதைத் தடுக்கும். முன்னால் பொருத்தும் இரும்பு புல் பாரும் வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதத்தை அது மாற்றிவிடும்.

படி 7: குழந்தைகள்

அம்மா மடியில் குழந்தையை வைத்து முன் சீட்டில் உட்காருவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். மோதலில் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கை விட்டுவிடும்; எதிரே ஏர்பேக் விரியும். குழந்தைகள் பின் சீட்டில்தான். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய சைல்ட் சீட், அதை ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. சீட் மடிப்பில் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இரண்டு இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் சைல்ட் சீட்டைப் பொருத்துவது ஐந்து நிமிட வேலை. 14 வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லாமல் அழைத்துப் போனாலும் அதே 1,000 ரூபாய்தான்.

படி 8: சரி செய்யக் கொடுக்கும்போது

ஸ்கேனில் வந்த கோளாறுக் குறியீட்டு எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு மட்டும் வண்டியைத் தந்தால், சில நாளில் விளக்கு திரும்ப வரும். ஏர்பேக் ஒருமுறை விரிந்த கார் என்றால் பையை மட்டும் மாற்றினால் போதாது. இழுத்துவிட்ட ப்ரீ டென்ஷனர் பெல்ட்டையும் மாற்ற வேண்டும், கம்ப்யூட்டரையும் கம்பெனி சொல்லும் முறைப்படி மாற்ற வேண்டியிருக்கும். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கண்ணாடி, கதவு, டிக்கி மூடி தாராளமாக வாங்கலாம். ஏர்பேக்கும் பெல்ட்டும் மட்டும் பழையது வாங்காதீர்கள். எந்த வெள்ளத்தில் கிடந்தது, எந்த விபத்தில் இழுபட்டது என்பது விற்கிறவருக்கே தெரியாது.